அமரர் ஆந்தையூரானின் மேற்குச் சுவர்

கோவிந்தராசு தன்னுடைய நாற்பத்தொரு நாவல்களில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறார். பிரெஞ்சுக் கப்பித்தான்கள், அவர்கள் மனைவிமார், துபாஷிகள், ஒரு பாதிரியார். ஒரு தடவை, அச்சுக்குப் போகிற அவசரத்தில், குதிரையோடு சேர்த்து ஒரு சிப்பாய். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சுவரையெல்லாம் இடித்து எலும்பை வெளியே எடுத்தும் காட்டியிருக்கிறார். இவ்வளவு கைப்பழக்கம் உள்ள மனிதருக்கு, இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆனி மாதத்தில், சொந்த வீட்டில் ஒரே ஒரு சுவரை இடிக்க முடியாமல் போயிற்று.

இடிக்க வேண்டிய காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. குந்தினால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வீட்டுக் கக்கூசோ பின்கட்டில், துவைக்கிற கல்லைத் தாண்டி, பாசி பிடித்த இரண்டு படி இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. டாக்டர் சீட்டில் மூன்று மாத்திரை எழுதிவிட்டு, நான்காவதாக ‘வெஸ்டர்ன் டாய்லெட்’ என்று எழுதி அதற்கு மட்டும் அடியில் கோடு போட்டிருந்தார். படுக்கையறைக்கு மேற்கே தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை ஒன்று சும்மா கிடந்தது. நடுச் சுவரில் ஒரு வாசல் திறந்து, அந்த அறையில் பீங்கானை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பீங்கானும் வந்து கூடத்தில் நின்றது. வீட்டுக்குள் புதுப் பொருள் எது வந்தாலும் வைப்பதுபோல அஞ்சலாட்சி அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள்.

தவளக்குப்பத்துக் கொத்தனார் வெற்றிச்செல்வன் சுவரில் நான்காவது அடி போடும்போது, தெருவில் கொட்டியிருந்த மணலைப் பார்த்து மோப்பம் பிடித்து ஒருவர் உள்ளே வந்தார். தொன்மைச் சான்றுக் கழகத்தின் கள ஆய்வாளர் நாராயணசாமி. பழைய கட்டடம் எதுவானாலும் இந்தக் கழகத்திடம் சீட்டு வாங்காமல் புதுவையில் ஆணி அடிக்க முடியாது. அவர் சுவரை முகர்ந்து பார்த்தார், ஒரு நோட்டீசை எடுத்து நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினார்.

“இது பட்டியல்ல இருக்கிற சுவரு. நம்பர் இருபத்தேழு. யாரும் கை வைக்கக் கூடாது.”

“என் வீட்டு பெட்ரூம் சுவரு சார் இது” என்றார் கோவிந்தராசு.

“உங்க வீடு வேற, சுவரு வேற. உள்ள ஒரு அம்மா இருக்காங்க.”

“எந்த அம்மா?”

“மாதலேன் சீமாட்டி. ஆயிரத்து எழுநூத்து அறுபத்தொண்ணுல கப்பித்தான் கொண்டாந்து வச்சுப் பூசினது.”

வெற்றிச்செல்வன் சுத்தியலைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். சட்டையை மாட்டினான்.

“இன்னா அய்யா நீங்க. உள்ள ஆளு கீதுன்னு மொதல்லயே சொல்றதில்லயா?”

“அட, அது கதைப்பா. நான் எழுதினது.”

“எழுதினா மட்டும் சொம்மாவா எழுதியிருப்பீங்க” என்று சொல்லிவிட்டு அவன் போனவன்தான். அடுத்து வந்த மூன்று கொத்தனார்களும் நோட்டீசைப் படித்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கோவிந்தராசுக்கு அப்போதுதான் தன் கைவேலை நினைவுக்கு வந்தது. ‘ஆந்தையூரான்’ என்ற பெயரில் அவர் எழுதிய ‘வெள்ளைச் சுவர் சீமாட்டி’யின் முன்னுரையில், ‘இக்கதையை நான் எழுதவில்லை, என் வீட்டு மேற்குச் சுவர் சொல்ல, நான் கேட்டு எழுதினேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டிருந்தார். எழுதிய அன்று தானே ரசித்து, அஞ்சலாட்சிக்கும் படித்துக் காட்டிய வரி. வாசகர் கடிதம் போட வசதியாகப் பின்னட்டையில் விலாசமும் கொடுத்திருந்தார். கழகத்துக்கு வேறென்ன வேண்டும்? விலாசமும் சாட்சியும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன.

மறுநாளே கழகத்துக்குப் போனார். கடற்கரைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிய பழைய கட்டடம். வாசலில் ‘இருந்தபடி இருக்கட்டும்’ என்று கழகத்தின் குறிக்கோள் பொறித்திருந்தது. முதல் ‘இ’ மட்டும் விழுந்துவிட்டிருந்தது. சன்னல் கம்பிக்குப் பின்னால் ஜெயம் என்ற எழுத்தர் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சுவரு பழசே இல்லம்மா. அறுபத்தெட்டுல எங்கப்பா கட்டினது. செங்கல் இறக்கும்போது நானே எண்ணியிருக்கேன்.”

“அதத்தான் சார் பைலும் சொல்லுது. அம்மா தெரியாம இருக்கணும்னு புதுசா ஒரு சுவரு வச்சு மறைச்சிருக்காங்க.”

“உள்ள யாரும் இல்லம்மா. கதை. நானா உண்டாக்கினது.”

“நீங்கன்னா?”

“நாந்தான் ஆந்தையூரான்.”

ஜெயம் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தாள். விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவளின் சாயல் வந்தது.

“அவரு காலமாயிட்டாரே சார்.”

“எப்போ?”

“தேதி போடல. ஆனா ‘அமரர் ஆந்தையூரான்’னுதான் இருக்கு. அந்த வீட்டுல இப்போ கோவிந்தராசு என்பவர் குடியிருக்கார்னு போட்டிருக்கு. நீங்கதானா அந்த ‘என்பவர்’?”

கோவிந்தராசால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாத கேள்வியாக அது இருந்தது.

இந்த அமரர் வந்த கதை பதிப்பாளர் இராமதாசின் கடையில் கிடைத்தது. இருபத்தைந்தாவது நாவல் வந்தபோது, எழுத்தாளரைக் குளிர்விக்கவேண்டி அட்டையில் ‘அமர எழுத்தாளர் ஆந்தையூரான்’ என்று போட்டிருந்தார் இராமதாஸ். அழியாத புகழ் பெற்றவர் என்று அர்த்தம். அடுத்த பதிப்பில் அட்டைப்படம் பெரிதாகிவிட ‘எழுத்தாளர்’ என்ற சொல்லுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

“வெறும் ‘அமர ஆந்தையூரான்’னு போட்டா அவன் இவன்னு கூப்புடற மாதிரி இருந்துச்சி சார். உங்க வயசுக்கு மரியாத வேணாமா? அதான் ஒரு ‘ர்’ சேத்தேன்.”

“ஒரு ‘ர்’ல என்னைப் பொணமாக்கிட்டீங்களே இராமதாஸ்.”

“அப்ப நீங்களும் பாத்தீங்களே சார். நல்லா இருக்குன்னு சொல்லி இருபது காப்பி வாங்கிட்டுப் போயி சொந்தக்காரங்களுக்குக் குடுத்தீங்க.”

அது உண்மை. போட்டோவைச் சுற்றி டிசைனுக்காக வரைந்திருந்த மாலைகூட அன்று அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

“சரி, ஒரு கடிதம் குடுங்க. ஆந்தையூரான் உயிரோட இருக்காருன்னு.”

இராமதாஸ் துணிக்கடையில் கொடுத்த சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“சார், உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ‘அமரர்’ போட்டதுக்கப்புறம்தான் லைப்ரரிக்காரங்க உங்க புத்தகத்தைக் கண்ணெடுத்துப் பாக்கறாங்க. போன வருஷம் ஒரு விமரிசகர் உங்கள மேதைன்னு எழுதினாரு. உசுரோட இருந்தா எழுதியிருப்பாரா? நல்ல பேரு வந்திருக்கு. நேர்ல வந்து கெடுத்துக்காதீங்க.”

வீட்டுக்கு வந்தால் அஞ்சலாட்சி பின்கட்டுப் படியில் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் அடுத்த வீட்டுப் பெண்ணையும் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“நான் செத்துட்டேன்னாங்க.”

“அது கெடக்கட்டும். கொத்தனார் எப்ப வரான்?”

எதிர்வீட்டு லூசியன் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புதுவையில் அதுதான் பெயர். பென்ஷனுக்காக வருஷம் தவறாமல் ஆபீசுக்குப் போய், தான் உயிரோடு இருப்பதாக முத்திரை வாங்கி வருபவர். உயிரோடு இருப்பதில் அந்தத் தெருவிலேயே அவருக்குத்தான் காகித அனுபவம் அதிகம்.

“பயப்படாத கோவிந்து. முப்பத்தோரு வருஷமா நான் ஒரு தடவ கூட செத்ததில்ல. பேப்பர் எல்லாம் பைல்ல இருக்கு. நான் வந்து சொல்றேன்” என்று கோட்டை மாட்டினார்.

கோவிந்தராசு கொடுத்த மனுக்களுக்காகக் கழகத்தின் விசாரணைக் குழு ஆவணியில் கூடியது. உறுப்பினர் மூவர். ஒருவர் உறுப்பினர் செயலர் முனைவர் புருஷோத்தமன். ஆந்தையூரான் நாவல்களை ஆராய்ந்துதான் அவர் முனைவரானார். இரண்டாமவர் தூங்கினார். மூன்றாமவர் இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டவர். கழகத் தீர்மானங்களை அவர் எதிர்த்ததே இல்லை என்பதால் நாற்காலியை எடுக்கவில்லை.

“முசியே” என்று லூசியன் எழுந்து நின்றார், “இவன் உசுரோடதான் இருக்கான். இன்னிக்குக் காலைல என் வீட்டுல கப்பே குடிச்சான். ரெண்டாவது தடவ சக்கர கேட்டான். செத்தவன் சக்கர கேப்பானா?”

புருஷோத்தமன் கனிவாகத் தலையாட்டினார். “கோவிந்தராசு உயிரோடு இருப்பதில் கழகத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அது அவருடைய சொந்த விஷயம். ஆந்தையூரான் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.”

“ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார்” என்றார் கோவிந்தராசு.

“அப்படி இதுவரை நான்கு பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.”

“நாலு பேரா?”

“நீங்களே நாலு தடவை வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் தனி மனு, தனி எண். கழகத்தின் கணக்குப்படி நாலு பேர்.”

யார் உண்மையான ஆந்தையூரான் என்று கண்டுபிடிக்க ஒரு தேர்வு வைப்பதென்று குழு முடிவு செய்தது. நூறு மதிப்பெண், முப்பத்தைந்து எடுத்தால் அவர் ஆந்தையூரான், சுவர் வெறும் சுவர். கேள்வித்தாள் தயாரிப்பும் விடை திருத்தலும் முனைவர் புருஷோத்தமன்.

கோவிந்தராசுக்குத் தெம்பு வந்தது. தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எந்தத் தட்டில் எந்தத் திருகாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் பேனாவை எடுத்தபோது ஒன்று உறைத்தது. நாற்பத்தொரு நாவலை எழுதியிருக்கிறாரே தவிர ஒன்றைக்கூடத் திரும்பப் படித்ததில்லை. எழுதி அனுப்பினால் புரூஃப் பார்ப்பதும் இராமதாசின் மைத்துனர்.

தேர்வன்று அவர் கொண்டுபோயிருந்த சொந்தப் புத்தகங்களை, காப்பி அடிக்கக்கூடும் என்று நாராயணசாமி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் கேள்வி: ஆந்தையூரான் புனைவுகளில் ஈரச் சுவர் எதன் குறியீடு? ‘எங்கள் வீட்டில் ஓதம் ஏறும்’ என்று எழுதினார். சரியான விடை, பேரரசுகளின் குற்றவுணர்வு.

ஏழாவது கேள்வி: மாதலேன் சீமாட்டி சுவருக்குள் வைக்கப்பட்டது ஏன்? ‘பதினாறு பக்கம் குறைந்தது. அச்சில் பதினாறு பக்கம் ஒரு பாரம், அது முழுசாக வந்தால்தான் பைண்டிங் நிற்கும் என்று பதிப்பாளர் சொன்னார்’ என்று எழுதினார். புருஷோத்தமன் ஓரத்தில் சிவப்பு மையால், ‘எழுத்தாளரைக் கொச்சைப்படுத்தும் பதில்’ என்று குறித்தார்.

பதினோராவது கேள்வி, ஆந்தையூரான் நடையில் ஒரு பத்தி எழுதச் சொன்னது. கோவிந்தராசு மனமுருகி எழுதினார். பாழடைந்த மாளிகை, கடல் இரைச்சல், பாதி எரிந்த மெழுகுவத்தி. ‘முயற்சி தெரிகிறது. மூலத்தின் மூச்சு இல்லை.’ பத்துக்கு இரண்டு.

கடைசிக் கேள்வி: ஆந்தையூரானின் மறைவு தமிழ்ப் புனைவுலகில் ஏற்படுத்திய வெற்றிடம் பற்றி ஒரு பக்கம் எழுதுக. இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டார். அதற்கு மட்டும் முழு மதிப்பெண் கிடைத்தது.

மொத்தம் முப்பத்துநாலு.

“ஒரு மார்க்தாம்மா” என்று சன்னலில் நின்று கெஞ்சினார்.

“ஒரு மார்க்குல எத்தினியோ பேரு டாக்டர் ஆவல” என்றாள் ஜெயம். “மறுகூட்டலுக்குப் போடலாம். ஆனா அதுக்கு எழுத்தாளர் கையெழுத்து வேணும்.”

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோவிந்தராசு நாற்பத்திரண்டாவது நாவலில் பத்தொன்பதாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தார். சுவருக்குள் இருக்கிற பெண் உள்ளிருந்து நகத்தால் கீறுகிறாள். வெளியே துபாஷியின் மகன் கடப்பாரையோடு நிற்கிறான். அந்த வரியில் பேனா இருக்கும்போதுதான் பின்கட்டில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அஞ்சலாட்சி இரண்டாவது படியில் மழையில் உட்கார்ந்திருந்தாள். விழுந்தவள் மாதிரி இல்லை. யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

“எவ்ளோ நேரமா இப்படி இருக்க? கூப்புடறதுதானே?”

“கூப்ட்டேன். நீங்க எழுதிட்டு இருந்தீங்க.”

அவர் தூக்கிவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. ஒத்தடம் கொடுக்கும்போது அவள் பேசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குப் பட்டது. எதிரே நம்பர் இருபத்தேழு சுவர், நாலு அடி வாங்கிய இடத்தில் காரை உதிர்ந்து, நோட்டீசோடு நின்றது. பத்தொன்பதாம் அத்தியாயம் அன்றைக்கு மேல் நகரவில்லை.

அடுத்த வாரம் புருஷோத்தமன் தாமே வீட்டுக்கு வந்தார். கூடத்தில் நாற்காலியிலெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்ததால் மூடிபோட்ட பீங்கான் மேலேயே உட்கார்ந்தார். ஆந்தையூரான் வாழ்ந்த வீட்டை நினைவு இல்லமாக்கக் கழகம் தீர்மானித்துவிட்டது. வாரிசு என்ற முறையில் குடியிருப்பவர்கள் ஒரு சம்மதக் கடிதம் தர வேண்டும்.

“வீட்டைக் கழகம் எடுத்துக்கொள்ளாது. நீங்கள் இருந்தபடி இருக்கலாம். கோவிந்தராசு அவர்களைக் காப்பாளராக நியமிக்கிறோம். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை முன்னறையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.”

“முடியாது சார்” என்றார் கோவிந்தராசு. “உசுரோட இருக்கிறவனுக்கு நினைவு இல்லமா?”

அஞ்சலாட்சி அடுப்படியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து வாசல்படியில் சாய்ந்து நின்றாள். பெரிய மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் பார்த்த குடும்பத்துப் பெண். விற்கிறவனுக்குப் பொருள் தள்ள வேண்டிய அவசரம் இருக்கிறதா, வாங்குகிறவனுக்கு வேண்டுகிற அவசரம் இருக்கிறதா என்பதை அவள் குரலை வைத்தே சொல்லிவிடுவாள்.

“ஒரு நாளைக்கு எத்தினி பேரு வருவாங்க சார்?”

“ஐம்பது பேர் எதிர்பார்க்கிறோம் அம்மா. வெளிநாட்டிலிருந்துகூட வருவார்கள்.”

“பொம்பளைங்களும்?”

“நிச்சயமாக.”

“வந்தவங்க எங்க போவாங்க?”

“எங்கே என்றால்?”

“அதான் கேக்கறேன். எங்க?”

புருஷோத்தமன் யோசித்தார். பையிலிருந்து கழக விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வருகையாளர் வசதி இல்லாத நினைவு இல்லத்தைத் திறக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

“பின்கட்டில் ஒன்று இருக்கிறதே.”

“வெளிநாட்டுக்காரங்க குந்துவாங்களா?”

“...மேல்நாட்டு முறையில் ஒன்று வைக்கலாம்.”

“அதுமேலதான் உக்காந்திருக்கீங்க.”

புருஷோத்தமன் எழுந்து நின்றார்.

“அந்தச் சாமான் ரூமுல வைங்க. வழி பெட்ரூம் சுவத்துல. பொங்கலுக்கு முன்ன முடிக்கணும். கொத்தனாரு உங்க ஆளு, சிமெண்டும் உங்களுது. சரின்னா கையெழுத்துப் போடறோம்.”

“சுவரை இடிப்பது கழகக் கொள்கைக்கு விரோதம் அம்மா.”

“அப்ப வேணாம். வேற அமரர் யாராச்சும் இருந்தா பாருங்க.”

அவள் உள்ளே திரும்பினாள். நாலு எட்டு வைத்திருப்பாள்.

“இடிப்பது என்று போட வேண்டாம்” என்றார் புருஷோத்தமன். “‘வருகையாளர் நலத் திறப்பு’ என்று போடலாம்.”

ஆனால் அவருக்கும் ஒரு பிடி வேண்டியிருந்தது. ஆந்தையூரான் மறைந்துவிட்டார், இனி அந்தப் பெயரில் எழுத யாருக்கும் உரிமையில்லை என்று கோவிந்தராசு எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியில் நிற்கிற நாவலையும் கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை முனைவரே முடித்து வைப்பார்.

“அந்தப் பொண்ணை வெளிய எடுத்துடுவீங்கல்ல சார்?” என்று கேட்டார் கோவிந்தராசு. “கடப்பாரையோட பையன் நிக்கறான். இன்னும் நாலு பக்கம்தான்.”

“எடுக்க மாட்டேன். அவள் உள்ளே இருப்பதில்தான் ஆந்தையூரானின் தரிசனம் இருக்கிறது.”

கோவிந்தராசு மனைவியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டு வருஷமாகப் போட்ட பழக்கத்தில் பேனா ‘ஆந்’ என்று தொடங்கிவிட்டது. புருஷோத்தமன் தாளை மாற்றிக் கொடுத்தார்.

கார்த்திகையில் திறப்பு நடந்தது. கழகக் கொத்தனார் இருவர் வந்து, நாராயணசாமி முன்னிலையில் சுவரில் ஏழடிக்கு மூன்றடி வழி எடுத்தார்கள். உள்ளே செங்கல் இருந்தது. அதற்குப் பின்னால் சாமான் அறை இருந்தது. நாராயணசாமி டார்ச் அடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, ‘சுவருக்குள் எவரும் இல்லை. எனவே சீமாட்டி முன்பே தப்பிச் சென்றிருக்க வேண்டும். மேலும் ஆராய்க’ என்று அறிக்கை எழுதினார். அதன்பேரில் பக்கத்து வீட்டுச் சுவரும் பட்டியலில் ஏறியது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கு வரை கோவிந்தராசு குடும்பத்தோடு பேசுவதில்லை.

மார்கழியில் விழா. தெருவை அடைத்துப் பந்தல். மறைந்த தேதி வேண்டுமே என்று, கோவிந்தராசு முதன்முதலில் கழகச் சன்னலில் வந்து நின்ற தேதியையே கல்வெட்டில் பொறித்துவிட்டார்கள். எழுதுமேசைக்குக் குறுக்கே கயிறு கட்டியாயிற்று. செருப்பு, செம்பு, விசிறி எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம். மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டதால், மேடையில் பேசுகிறவர் யார் என்று கோவிந்தராசு குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். புருஷோத்தமன்தான்.

“அன்பர்களே, உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களால் இலக்கியத்துக்கு ஏற்படும் சேதம் கொஞ்சநஞ்சமில்லை. நாம் அரும்பாடுபட்டு ஒரு பொருள் கண்டுபிடித்தால், ‘நான் அப்படி நினைக்கவில்லையே’ என்று வந்து நிற்கிறார்கள். அடுத்த நாவல் எழுதி, நம்முடைய ஆய்வேட்டைப் பழையதாக்குகிறார்கள். ஆந்தையூரான் அந்த ரகம் அல்ல. மறைந்த நாளிலிருந்து அவர் கழகத்துக்கு முழு ஒத்துழைப்புத் தந்து வருகிறார். பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களைக் கழகம் காத்திருக்கிறது. ஒன்றில்கூட ஒரு கைப்பிடிச் சிமெண்டு பூசியதில்லை. நாற்பது இடங்கள் விழுந்துவிட்டன. அவற்றை விழுந்தபடியே காத்து வருகிறோம்.”

கைதட்டினார்கள். கோவிந்தராசும் தட்டினார், முன்வரிசையில் இருந்துகொண்டு தட்டாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. இராமதாஸ் மேடையேறி மாலை போட்ட படத்தின் முன் குரல் தழுதழுக்கப் பேசினார். லூசியன் மட்டும் பந்தலை விட்டு எழுந்து, “நாளைக்கே போயி என் பேப்பர புதுசு பண்ணிக்கணும்பா, காத்து சரியில்ல” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கோவிந்தராசு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அவர் படம், பக்கத்தில் மணி, முன்னால் வருகையாளர் பதிவேடு. மணி பன்னிரண்டு ஆகிற வரையில் யாரும் வரவில்லை. எழுந்து வைத்திக்குப்பம் வரை நடந்து, படகு வந்துவிட்டதா, வஞ்சிரம் கிடைக்குமா என்று பார்த்து வரலாமா என்று தோன்றியது. காப்பாளர் வேலை நேரத்தில் வெளியே போக உறுப்பினர் செயலர் அனுமதி வேண்டும். உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விழா முடியும் வரை திறக்கக் கூடாது என்று கழகம் போட்ட பூட்டு புதுக் கதவில் இன்னும் தொங்கியது. சாவி காப்பாளரிடம், பதிவேட்டில் எழுதியவர்களுக்குத்தான் வசதி என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. பக்கம் பக்கமாக எண் போட்ட பதிவேடு. சாயங்காலம் நாராயணசாமி வந்து எண்ணிப் பார்ப்பார்.

“எழுதணுமா?” என்றாள்.

“எழுதணும்.”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை வாங்கினாள்.

“பேரு.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“நீயே எழுதணும்.”

எழுதினாள்.

“எங்கேருந்து வரீங்க?” காப்பாளர் வேலை புதிது என்பதால் மனைவியிடமும் ‘வரீங்க’ என்று வந்துவிட்டது.

“சமையக்கட்டுலேருந்து.”

“அப்படியே போடு. வந்த நோக்கம்னு இருக்கு பாரு, அதுல ‘அஞ்சலி செலுத்த’ன்னு எழுது. வேற எழுதினா சாவி குடுக்கக் கூடாது.”

அதையும் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. ‘எழுத்தாளரோடு நேரில் பழக்கம் உண்டா?’ என்று அச்சடித்திருந்தது. அஞ்சலாட்சி தலையைத் தூக்கி, நாற்காலியில் இருந்தவரை, மார்க்கெட்டில் பூசணிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுப் பார்த்தாள். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் குனிந்து ஒரே ஒரு சொல் எழுதிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, ஆறு மாசத்துக்கப்புறம், அவள் வலியில்லாமல் பெருமூச்சு விடுகிற சத்தமும் கேட்டது.

கோவிந்தராசு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

‘இருந்தது.’

ஒவ்வொரு பதிவையும் காப்பாளர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. சிவப்பு மைப் பேனாவை எடுத்து, பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, கீழே கோவிந்தராசு என்று கையெழுத்துப் போட்டார்.